பள்ளத்தின் மேற்குக் கதவு

அந்தப் பள்ளத்துக்குள் ஒருமுறைகூட இறங்கிப் பார்க்காமல் நான் அதைப் பற்றி ஒரு வரி எழுதினேன். ‘மேற்படி பள்ளம் தற்போது எவ்விதப் பயன்பாட்டிலும் இல்லை.’ எஸ்டிமேட்டின் முதல் பக்கத்திலேயே அந்த வரி இருந்தது. எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் எஸ்டிமேட் தன் மேசைக்கு வந்தாக வேண்டும் என்று செயற்பொறியாளர் சொல்லியிருந்தார். எனக்கும் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

கடலூருக்கு மேற்கே, செம்மண் மேட்டில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழக வளாகம். நான் அங்கே கட்டடப் பிரிவில் உதவிப் பொறியாளராக இருந்தேன். ஒப்பந்த வேலை. வருஷத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு ஆணை வர வேண்டும். வரும்வரை வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. நூலகத்துக்கும் பெண்கள் விடுதிக்கும் நடுவே, மழைத் தண்ணீர் பல காலம் அறுத்து உண்டாக்கிய பள்ளம் ஒன்று மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்து போனது. இரண்டு ஆள் ஆழம். மேலே நின்று பார்த்தால் சீமைக்கருவேலமும், ஒரு முந்திரி மரத்தின் தலையும், காற்றில் வந்து மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பைகளும்தான் தெரியும். வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வரப்போவதாகவும், அதற்குள் அந்தப் பள்ளத்தைப் புல்லும் மரமும் விளக்குமாக ஒரு நடைபாதை ஆக்கிவிட வேண்டும் என்றும் மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

அந்த வருஷம் எனக்கு உடம்பும் சரியில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். பஸ்ஸில் இருக்கை காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் வருவேன். நெஞ்சு எந்நேரமும் மாடிப்படி ஏறி வந்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால்கூட கோடு நடுங்கியது.

“ஒரு எடத்துல ஒக்காரவே மாட்டியா நீ?” என்று என் கணவர் கேட்பார். சிதம்பரம் கீழவீதியில் மருந்துக்கடை வைத்திருப்பவர் அவர். ஊரில் யாருக்கு என்ன வியாதி என்று சீட்டைப் பார்த்தே சொல்லிவிடுகிற மனிதர், வீட்டில் இருக்கிற வியாதியைக் கண்டுபிடிக்க ஆறு மாசம் எடுத்துக்கொண்டார். கடைசியில் அவரே டாக்டரிடம் கூட்டிப்போனார். தைராய்டு ஜாஸ்தியாகச் சுரக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக்கொடுத்தார். “கோபம் வரும், படபடப்பு வரும். கொஞ்ச நாளைக்குப் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க” என்றும் சொன்னார். அதுதான் எனக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கோபமும் என்னுடையதா, கழுத்துக்குள் இருக்கிற சுரப்பியுடையதா என்று எனக்கே தெரியவில்லை.

எஸ்டிமேட் ஒப்புதலாகி வந்த பிறகுதான் மட்டம் பார்க்கும் கருவியோடு பள்ளத்துக்குள் இறங்கினேன். கூடவே அளவுக்கோல் பிடிக்க ஒரு உதவியாளர். இறங்கிய ஐந்தாவது நிமிடம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளத்தின் நடுவே, மேற்கு எல்லையிலிருந்து விடுதி மெஸ்ஸின் பின்பக்கம்வரை, ஒரு ஒற்றையடிப் பாதை போனது. நேற்று இன்று விழுந்த பாதையில்லை. காலடி பட்டுப் பட்டு சிமெண்டுத் தரை மாதிரி இறுகிப்போயிருந்தது. சரிவான இடத்தில் மண்வெட்டியால் படி வெட்டியிருந்தார்கள். வழுக்காமல் இருக்க ஒவ்வொரு படியிலும் ஒரு உடைந்த செங்கல். முந்திரி மரத்தடியில் தரை சுத்தமாகக் கூட்டியிருந்தது. கிளையில் இரண்டு பழைய சாக்குகள் மடித்துத் தொங்கின.

மத்தியானம் இரண்டரை மணி வாக்கில் அந்தப் பாதையின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள். விடுதி மெஸ்ஸில் காய் நறுக்குகிறவர்கள், பாத்திரம் துலக்குகிறவர்கள். வளாகத்துக்கு மேற்கே உள்ள ஊரிலிருந்து விடியற்காலையில் இந்தப் பள்ளத்து வழியாக வந்து, காலைச் சமையலும் மத்தியானச் சமையலும் முடிந்ததும் இதே வழியாகத் திரும்புகிறவர்கள். முன்னால் வந்த பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். முக்காலியில் நிற்கிற கருவியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“இன்னா மேடம், எடம் அளக்குறீங்க? வித்துட்டாங்களா?”

“விக்கலக்கா. நடைபாதை போடப் போறோம்.”

“இங்க ஏற்கெனவே பாத இருக்குதே.”

“தினமும் இதுலதான் வருவீங்களா?” என்று கேட்டேன்.

“பின்ன? மெயின் கேட்டு சுத்தி வந்தா முக்கா மணி நேரம் ஆவும். இதுல பத்து நிமிசம். காலைல அஞ்சரைக்கு உள்ள நிக்கணும்ல.” அவர் பேசிக்கொண்டே ஒரு சாக்கை எடுத்து உதறி மரத்தடியில் விரித்தார். “வேலை முடிஞ்சதும் செத்த நேரம் இங்கதான் காலு நீட்டுவோம். மெஸ்ஸுல எங்களுக்குன்னு ஒக்கார எடம் கெடையாது. வூட்டுக்குப் போனா அங்க ஒரு வேலை காத்துக்கினு இருக்கும்.”

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது அந்த ஒரு வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. செம்மங்குப்பம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு நிறுத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மனசுக்குள் வரைபடத்தை மாற்றி மாற்றிப் போட்டேன். நடைபாதையை அவர்கள் பாதையின் மேலேயே போட்டுவிடலாம். மேற்கு எல்லையில் வரப்போகிற வேலியில் ஒரு சின்னக் கதவு. அவ்வளவுதானே. முந்திரி மரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனால் மரமும் தப்பிக்கும்.

மறுநாள் அப்படியே வரைந்து செயற்பொறியாளரிடம் கொண்டுபோனேன். கெட்ட மனிதர் இல்லை அவர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அதுவரை எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று இருந்தவர். வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு மேற்கு ஓரத்தில் விரலை வைத்தார்.

“இது என்னாம்மா?”

“கதவு சார். மெஸ் லேடீஸ் அந்த வழியாத்தான் வராங்க.”

“பக்கத்துல பொண்ணுங்க ஹாஸ்டல் இருக்குது. கதவு வெச்சா இன்னைக்கு மெஸ் லேடீஸ் வருவாங்க, நாளைக்கு எவன் வருவான்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்கிட்ட கேப்பாங்களா, எங்கிட்ட கேப்பாங்களா? முழுசா வேலி போட்டுடு.”

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியவில்லை. என் தங்கை மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் விடுதிக்குப் பின்னால் திறந்த கதவு இருக்கிறது என்றால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். அதோடு என் நீட்டிப்பு ஆணைக்கான கோப்பு அப்போது அவர் மேசையில்தான் கிடந்தது. கதவையும், முந்திரி மரத்தைச் சுற்றிப் போன வளைவையும் அழித்துவிட்டு வேலியை வரைந்தேன். நடுங்குகிற கையால் வரைந்தாலும் வேலி நேராகத்தான் வந்தது, கம்ப்யூட்டரில் வரைந்ததால். மரத்தைப் பற்றியாவது பேசியிருக்கலாம். ‘கோபம் வரும், பெரிய முடிவு எடுக்காதீங்க’ என்று டாக்டர் சொன்னது அந்த நேரத்தில் எனக்கு வசதியாக இருந்தது.

வேலை தொடங்கியது. ஜேசிபி ஒரே நாளில் பள்ளத்தைக் காலி செய்தது. கருவேலத்தை வேரோடு பிடுங்கினார்கள். இரண்டு பக்கச் சரிவிலும் கல் பாவினார்கள். தண்ணீர் போக நடுவில் ஒரு கால்வாய், அதன் ஓரமாகச் சிமெண்டுக் கல் பதித்த பாதை, பாதைக்கு இருபுறமும் கொரியன் புல். நான் காலையிலிருந்து சாயங்காலம்வரை பள்ளத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரிப்பார். “நீங்க நடந்தே பாதைய அமுக்கிடுவீங்க போல, ரோலர் வாணாம்” என்பார்.

ரத்தப் பரிசோதனைக்காக ஒருநாள் லீவு போட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் முந்திரி மரம் இல்லை. அடிமரம் மட்டும் சிவப்பாக, ஈரமாக இருந்தது. டிராயிங்கில் அங்கே புல்தரை என்றுதான் போட்டிருக்கிறது என்று மேஸ்திரி காட்டினார். டிராயிங்கில் கீழே என் கையெழுத்து. என்றாலும் அவரைப் பார்த்துக் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். கத்தி முடித்தபோது மேலே மெஸ்ஸின் பின்வாசலில் அந்தப் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா இறங்கி வந்தார்.

“மரம் போனா போவுது மேடம், வுடுங்க. அங்க வேலிக்குக் கம்பம் நட்டுக்கினு இருக்காங்களே, எங்க வழி?”

நான் பதில் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது, அதனால் என்று வைத்துக்கொண்டேன்.

வேலி முடிந்த வாரத்திலிருந்து அவர்கள் மெயின் கேட் வழியாகச் சுற்றி வந்தார்கள். மெஸ் மேற்பார்வையாளர் தாமதமாக வருகிறவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். பத்து நாள் கழித்து வேலியின் அடியில் ஓரிடத்தில் கம்பி வளைந்து கிடந்தது. செயற்பொறியாளர் என்னைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னார். அடைத்தேன். நாலு நாளில் மறுபடி வளைந்தது. மறுபடி அடைத்தேன். மூன்றாம் முறை வளைந்தபோது, ஆளை அனுப்பாமல் நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மறுநாள் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினேன். வளாகத்துக்குள் நுழையும்போது வெளிச்சம் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது.

பள்ளத்தின் மேற்கு முனையில் நான் நின்றபோது அந்த அக்கா வேலிக்கடியில் பாதி நுழைந்திருந்தார். முழங்கையை ஊன்றிப் புரண்டு உள்ளே வந்து எழுந்தார். கம்பி கிழித்து முன்னங்கையில் ரத்தம். பின்னாலிருந்த மற்றவர்கள் என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் ஓடவில்லை. முந்தானையால் கையை அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

“ஆள வெச்சுப் புடிக்க வந்தீங்களா?”

“இல்லக்கா. நான் மட்டுந்தான் வந்தேன்.”

“அப்ப ஓரமா நவுருங்க. பொங்கலுக்கு அரிசி கழுவணும்.”

“அக்கா, ஒரு விஷயம்…” என்று ஆரம்பித்தேன். இந்தப் பள்ளம் யாருக்கும் பயன்படவில்லை என்று எழுதியது நான்தான் என்றேன். வேலியை வரைந்ததும் நான்தான் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. அவர் பொறுமையில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க இன்னா எழுதுனீங்கன்னு எனக்கு எதுக்கு? எழுதுனா எழுதிட்டுப் போங்க. கதவு வெக்க முடியுமா, முடியாதா? அத சொல்லுங்க.”

“தெரியலக்கா.”

“தெரிஞ்சுக்கினு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மெஸ்ஸை நோக்கி வேகமாக நடந்தார். புதுப் பாதையின் கற்களின் மேல் அவர் நடக்கவில்லை. பனியில் வழுக்கியிருக்கும் போல. ஓரமாகப் புல்லில் நடந்தார்.

அந்த வாரமே பதிவாளர் தலைமையில் ஒரு கூட்டம். குழு வருவதற்கு முன் எந்த வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கிற கூட்டம். நடைபாதையின் முறை வந்தபோது செயற்பொறியாளர் “முடிஞ்சிடுச்சு சார்” என்றார். நான் எழுந்து நின்று, “முடியல சார், மேற்குப் பக்கம் ஒரு கதவு வெக்கணும்” என்றேன். ஏன் என்று சொன்னேன். அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. கையிலிருந்த காகிதம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படபடத்தது.

செயற்பொறியாளர் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகத்தான், ஆனால் இரண்டு பேருக்குக் கேட்கும்படி சொன்னார்: “மாத்திர போட்டியாம்மா இன்னைக்கி?”

இரண்டு பேர் சிரித்தார்கள். லீவு விண்ணப்பத்தில் நோயைப் பற்றி நான்தான் எழுதியிருந்தேன். ஒரு கணம் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உட்கார முடியவில்லை. அந்த வருஷம் முழுக்க உட்கார முடியாமல் நான் பட்ட பாடு அந்த ஒரு தடவை எனக்கு உதவியது.

“போட்டேன் சார்” என்றேன். கையிலிருந்த காகிதத்தைப் பதிவாளர் முன்னால் வைத்தேன். முந்தின நாள் தட்டச்சு செய்தது. ‘எனது மதிப்பீட்டில் மேற்படி பள்ளம் பயன்பாட்டில் இல்லை எனக் குறிப்பிட்டது தவறு. நேரில் பாராமல் எழுதப்பட்டது. விடுதி உணவகப் பெண் பணியாளர்கள் அதனை நாள்தோறும் வழியாகப் பயன்படுத்தி வந்துள்ளனர்.’ கீழே என் கையெழுத்து.

பதிவாளர் அதிகம் பேசாதவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“இத கோப்புல வெக்கணுமா?”

“வைங்க சார்.”

“வெச்சா, பார்க்காம எழுதினீங்கன்னு ஒங்க மேலதான் கேள்வி வரும். தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

அவர் காகிதத்தை மடிக்காமல் கோப்புக்குள் வைத்தார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நான் வெளியே வந்து தாழ்வாரத்தின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நடந்தேன். என்ன செய்துவிட்டேன் என்று பயமாக இருந்தது. கணவருக்குப் போன் செய்து சொன்னேன். “வேலை போனா போவுது, கடையில ஒக்காரு” என்றார். சற்றுப் பொறுத்து, “நீ எங்க ஒக்காரப் போற” என்று அவரே சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தது எனக்குத் தெம்பாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கதவுக்கு உத்தரவு வந்தது. நிபந்தனைகளோடுதான் வந்தது. காலையில் ஒன்றரை மணி நேரம், மத்தியானம் ஒன்றரை மணி நேரம் மட்டும் திறக்கும். அடையாள அட்டை காட்ட வேண்டும். சாவி காவலரிடம் இருக்கும். வெல்டர் கதவை மாட்டுகிற அன்றைக்கு நான் கூடவே நின்றேன். அந்த அக்கா வந்து கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

“கிறீச்சுன்னு கத்துது. கொஞ்சம் எண்ண வுடச் சொல்லுங்க” என்றார். நன்றி என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

மதிப்பீட்டுக் குழு வந்தது. பள்ளத்துக்குள் பத்து நிமிடம் நடந்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அருமை என்றார்கள். அன்றைக்குக் கதவைத் திறக்கவில்லை, பெண்களைச் சுற்றி வரச் சொல்லியிருந்தார்கள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

பாதையில் பத்து பெஞ்சுகள் போட்டிருந்தோம். மெஸ் பெண்கள் ஒருவரும் அவற்றில் உட்காரவில்லை. ஏன் என்று கேட்டேன். காவலர் ஏதாவது சொன்னாரா என்றேன்.

“அவுரு ஒண்ணும் சொல்லல. முதுக நெட்டுக்குத்தா வெச்சுக்கினு ஒக்காந்தா அது இன்னா ரெஸ்டு? சாய்ஞ்சு படுக்கணும் மேடம்” என்றார் அக்கா. இப்போதெல்லாம் மெஸ் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே அரை மணி நேரம் படுத்துக்கொள்கிறார்களாம். காற்று வராதாம். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெஞ்சுகளைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

என் நீட்டிப்பு ஆணை வந்தது, ஆறு மாசத்துக்கு மட்டும். பார்க்காமல் எழுதியதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது. இரண்டுக்கும் பதில் எழுதினேன். செயற்பொறியாளர் அதற்குப் பிறகும் என்னிடம் சாதாரணமாகத்தான் பேசினார். ஒருநாள் தயங்கித் தயங்கி, “என் சம்சாரத்துக்கும் அதேதாம்மா, தைராய்டு. எந்த டாக்டர்?” என்று கேட்டார். சொன்னேன். மாத்திரை எனக்கு வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. கை நடுக்கம் நின்றது. நடப்பது மட்டும் நிற்கவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் சாயங்காலம், கடலூரில் சிதம்பரம் பஸ்ஸில் ஏறியபோது அந்த அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கட்டைப் பை. பக்கத்தில் இடம் கொடுத்து என்னைக் கூப்பிட்டார். உட்கார்ந்தேன்.

“மெஸ் வேலைய வுட்டுட்டன் மேடம். ரெண்டு வாரம் ஆவுது. தெரியாதா?”

எனக்குத் தெரியாது. பெரிய மகளுக்குப் பிரசவம், பிச்சாவரத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது, மருமகன் படகு ஓட்டுகிறவர், பார்த்துக்கொள்ள அங்கே ஆளில்லை என்றார். மூன்று மாசமோ ஆறு மாசமோ, திரும்பி வந்தால் வேலை இருக்கிறதா பார்க்க வேண்டும் என்றார். எனக்கு என்னவோ ஏமாற்றமாக இருந்தது. அவர் ஒருவருக்காகவே அந்தக் கதவை வைத்த மாதிரி நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கையில் கம்பி கிழித்த தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“கதவு தொறக்குறாங்களா?” என்று அவரே கேட்டார்.

“தொறக்குறாங்கக்கா.”

“நேரத்துக்கா?”

“சில நாள் லேட்டாவுது.”

“அந்த வாட்ச்மேனுக்கு டீ குடிச்சாத்தான் கண்ணு தெரியும். நாங்க ஏழு பேரும் கதவாண்ட நின்னு சத்தம் போட்டாத்தான் வருவாரு. இப்ப சத்தம் போட ஆளு கொறஞ்சுபோச்சு.” அவர் சிரித்தார். “எம் பக்கத்து வூட்டுக்காரி இப்பதான் புதுசா சேந்துருக்கா. வாய் தொறக்க மாட்டா. பாவம், நின்னுக்கினே இருப்பா.”

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். பிச்சாவரம் டவுன் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி, உள்ளேயிருந்து எனக்குக் கை காட்டினார். பஸ் போன பிறகும் நான் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பூக்கடைக்கும் கட்டணக் கழிப்பிடத்துக்கும் நடுவே இரண்டு தடவை நடந்தேன். பிறகு போனை எடுத்துக் காவலரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, நாளைக்குக் காலையில மேற்குக் கதவ அஞ்சு மணிக்கெல்லாம் தொறந்துடுவீங்கல்ல?”

“தொறந்துடறன் மேடம்.” அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. “ஆமா, ஒங்களத்தான் வேற செக்ஷனுக்கு மாத்திட்டாங்களே, நீங்க எதுக்கு இதெல்லாம் கேக்குறீங்க?”

“சும்மாதான்” என்றேன். “நாளைக்கும் கேப்பேன்.”